காலை 6:30-க்கும் முற்பகல் 11:40-க்கும் நடுவே காணாமல் போன 600 கிராம்: ஒரு பள்ளி வெப்பக்காற்று பலூனின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருநெல்வேலி மாவட்டம், சேரன்மகாதேவி வட்டாரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளி. பிசானப் பருவ நெல் அறுவடை முடியும் பிப்ரவரிக் கடைசி. பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் 8 பேரும் அவர்களுடைய இயற்பியல் ஆசிரியையும் ஊர்க் குளத்தை மேலிருந்து படம் பிடிக்க நினைத்தார்கள். மடையை ஒட்டி எவ்வளவு தூரத்துக்கு மண் மேடிட்டிருக்கிறது என்று கரையில் நின்று பார்த்தால் பிடிபடாது. 30 மீட்டர் உயரத்துக்கு ஒரு பழைய செல்போன் போய் நின்றால் போதும், மேடும் பள்ளமும் நிறத்திலேயே பிரிந்து தெரியும். ட்ரோனுக்குப் பணம் இல்லை. மிதப்பு விசை பாடத்தில் இருந்தது. பலூன் என்று முடிவானது.

தொடக்கத்திலேயே இரண்டு விதிகளை ஆசிரியை வகுத்தார். பலூனோடு தீ மேலே போகக் கூடாது. கயிறு இல்லாமல் பலூனை விடக் கூடாது. அறுவடைக் காலத்தில் ஊரைச் சுற்றி வைக்கோல் படப்புகள் நிற்கின்றன. எண்ணெயில் நனைத்த பஞ்சு எரிய ஒரு காகிதக் கூடு எங்கே போய் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் தரையில் அடுப்பு வைத்துச் சூடேற்றுவது, சூடான பிறகு கயிற்றில் மேலே விடுவது, ஆறியதும் இறங்கவிடுவது என்ற முறையைத் தேர்ந்தார்கள். தலைமை ஆசிரியர் காவல் நிலையத்துக்கும் ஊராட்சிக்கும் முன்கூட்டியே எழுதித் தெரிவித்தார். மகேந்திரகிரி ராக்கெட் எஞ்சின் சோதனை மையமும் கூடங்குளம் அணுமின் நிலையமும் இருக்கும் மாவட்டத்தில், வானில் எதை ஏற்றுவதானாலும் முதலில் கேட்டுவிடுவதே முறை.

இந்த இரண்டு விதிகளும் கடைசிவரை மீறப்படவில்லை. பின்னால் நடந்த தவறு சிறிய சேதத்தோடு நின்றதற்கு இவைதான் காரணம்.

பலூன் செய்யப்பட்ட விதம்

3 மீட்டர் விட்டமுள்ள கோளம். பட்டம் செய்யும் மெல்லிய தாள், சதுர மீட்டருக்கு 22 கிராம். பக்கவாட்டில் ஒட்டிக் கோளமாக்க, நடுவில் அகன்று இரு முனையிலும் கூரான 12 தாள் இதழ்கள். ஓர் இதழின் அகலத்தை, உச்சியிலிருந்து இதழ் வழியே அளந்த தூரத்தைக் கொண்டு கணக்கிட்டார்கள்: அந்தத் தூரத்தை ஆரமான 1.5 மீட்டரால் வகுத்து, வரும் ரேடியன் கோணத்தின் சைன் மதிப்பை 78.5 சென்டிமீட்டரால் பெருக்க வேண்டும். 50 சென்டிமீட்டரில் 25.7, 100-ல் 48.5, 150-ல் 66, 200-ல் 76.3, நடுவில் 236-ல் முழு 78.5 சென்டிமீட்டர். அதற்குக் கீழே அதே அளவுகள் தலைகீழாக வரும். இரு ஓரத்திலும் ஒட்டுவதற்கு ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதலாக விட்டார்கள். கீழே 35 சென்டிமீட்டரை வெட்டி 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள வாய் அமைத்து, 2 மில்லிமீட்டர் கட்டுக்கம்பியில் வளையம் போட்டார்கள்.

ஒட்டியது கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசையால். இது முக்கியம். இந்தப் பசை காய்ந்தாலும் வெப்பத்தில் இளகும் தன்மை கொண்டது. முதல் சூடேற்றலில் உச்சி வெப்பநிலை 100 டிகிரியைத் தொட்டதும் இரண்டு இதழ்களின் இணைப்பு வழுக்கிப் பிரிந்தது. ஒட்டுப் போட்டுச் சரிசெய்துவிட்டு, "உச்சியில் 95 வந்தால் அடுப்பை அணை" என்று எழுதி வைத்தார்கள். பசையைக் காப்பாற்றப் பிறந்த இந்த எண் நாளடைவில் "95 வந்தால் பலூன் தயார்" என்ற பொருளுக்கு மாறிப்போனது. நிகழ்வின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சூடேற்ற முதலில் காய்ந்த பனையோலையை எரித்துப் பார்த்தார்கள். வெப்பம் கிடைத்தது, ஆனால் பொறி பறந்தது. புகை நிறைய இருந்தால் நன்றாகத் தூக்கும் என்று சில மாணவர்கள் நம்பினார்கள். 1783-இல் பிரான்சில் முதல் வெப்பக்காற்று பலூனை ஏற்றிய மோன்கோல்ஃபியே சகோதரர்களும் அப்படித்தான் நம்பினார்கள். புகைக்குத் தூக்கும் குணம் எதுவும் இல்லை. அதோடு சேர்ந்து வரும் சூடுதான் வேலை செய்கிறது. ஓலையை விட்டுவிட்டு, கல்யாணச் சமையல்காரர் ஒருவரிடம் உயர் அழுத்த எரிவாயு அடுப்பை வாங்கிவந்தார்கள். தகரப் பட்டறைக்காரர் ஒருவர் 20 சென்டிமீட்டர் விட்டத்தில் 1.2 மீட்டர் உயரக் குழாய் செய்து கொடுத்தார். அடுப்பின் மேல் குழாய், குழாயின் மேல் பலூனின் வாய். முதலில் மின்விசிறியால் சாதாரணக் காற்றை ஊதிப் பலூனை விரித்துக்கொண்டு, பிறகுதான் அடுப்பு. சுருங்கிக் கிடக்கும் தாளுக்குள் நேராகச் சூட்டை விட்டால் ஏதாவது ஓரம் குழாயில் பட்டுக் கருகும்.

எடைகள் தராசில் நிறுத்தவை. பலூன் 750 கிராம். வளையமும் உச்சி ஒட்டும் நூலும் 80. போனும் தெர்மகோல் பெட்டியும் 240. கயிறு மூன்று, ஒவ்வொன்றும் 30 மீட்டர், மீட்டருக்கு 4 கிராம்; மொத்தம் 360. ஆக 1,430 கிராம். இதில் கயிற்றின் எடை தரையில் கிடக்கும்போது பலூனுக்குப் பாரமில்லை. ஏற ஏறத்தான் மீட்டருக்கு 12 கிராம் வீதம் கூடும்.

தூக்குவிசைக் கணக்கு

பலூன் எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அந்த அளவு வெளிக்காற்றின் எடைக்குச் சமமான விசை அதை மேலே தள்ளுகிறது. அதிலிருந்து உள்ளே இருக்கும் சூடான காற்றின் எடையைக் கழித்தால் மிஞ்சுவது தூக்குவிசை. தாள், கயிறு, சுமை எல்லாவற்றையும் அதுவே சுமக்க வேண்டும். பலூனின் வாய் திறந்திருப்பதால் உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றே. அதனால் ஒரு கன மீட்டர் காற்றின் எடையை நிர்ணயிப்பது வெப்பநிலை மட்டும்தான்: அழுத்தத்தை, காற்றுக்கான வாயு மாறிலி 287-ஐயும் கெல்வின் வெப்பநிலையையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். தாமிரபரணிச் சமவெளியின் உயரத்துக்கு அழுத்தம் 1,00,500 பாஸ்கல் என்று கொள்ளலாம்.

22 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.186 கிலோ. 95 டிகிரியில் 0.951 கிலோ. வேறுபாடு 0.235. பலூனின் கொள்ளளவை 14 கன மீட்டர் என்று வைத்து, தூக்குவிசை 3.29 கிலோ என்று மாணவர்கள் எழுதினார்கள். சூத்திரம் சரி, பெருக்கல் சரி. ஆனால் 95 என்பது உச்சியில் தொங்கிய ஒற்றை வெப்பமானி காட்டிய எண். சூடான காற்று மேலே போய்த் தேங்கும். வாய்ப்பக்கம் எப்போதும் அதைவிடக் குளிர்ந்தே இருக்கும். பின்னால் மூன்று உயரங்களில் வெப்பமானி தொங்கவிட்டபோது, உச்சி 95 இருக்கையில் மொத்தக் காற்றின் சராசரி 80-ஐ ஒட்டியே நின்றது. 80 டிகிரியில் ஒரு கன மீட்டர் 0.991 கிலோ. அப்படியானால் தூக்குவிசை 2.73 கிலோதான். அரைக் கிலோவுக்கு மேல் காகிதத்திலேயே கூடிவிட்டது.

முதல் ஏற்றம்: காலை 6:30

ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு விளையாட்டுத் திடலில் வெள்ளோட்டம். வெளிவெப்பநிலை 22 டிகிரி. இலை அசையவில்லை. அடுப்பை ஏற்றி மூன்றரை நிமிடத்தில் உச்சி 95. அணைத்து, வாயைக் குழாயிலிருந்து விலக்கி, போன் பெட்டியைக் கொக்கியில் மாட்டி விட்டார்கள். பலூன் விறுவிறுவென்று ஏறியது. கயிறு பிடித்த மூன்று பேரும் அதைத் தடுத்துத் தடுத்துத்தான் விட வேண்டியிருந்தது. 30 மீட்டரில் நேர்க்குத்தாக நின்றது. விட்டதிலிருந்து 1 நிமிடம் 20 நொடியில் கயிறு தொய்யத் தொடங்கியது. மெதுவாக இறங்கியது.

அருமையான வெள்ளோட்டம். ஆனால் அன்று யாரும் இழுவிசையை அளக்கவில்லை. தொங்கு தராசு ஒன்றை வளையத்தில் மாட்டிப் பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை. பலூன் ஏறிய வேகத்தைப் பார்த்து, 3.29 கிலோ என்ற கணக்கு மெய்யாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். 2.7 கிலோ தூக்குவிசைக்கும் அது அப்படித்தான் ஏறியிருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

இரண்டு முடிவுகள்

வெள்ளோட்டம் நன்றாக அமைந்ததும் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று, பள்ளியின் பெயர் எழுதிய துணிப் பதாகை ஒன்றைப் பலூனுக்குக் கீழே தொங்கவிடுவது. 2 மீட்டருக்கு 1 மீட்டர் துணி, மேலும் கீழும் மூங்கில் பிளாச்சு, 650 கிராம். மாணவர்களின் கணக்குப்படி 3.29 கிலோவில் 1.43 போக 1.86 மிச்சம். 650 கிராம் அதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கையிலிருந்த எண்களை வைத்துப் பார்த்தால் இந்த முடிவைக் குற்றம் சொல்ல முடியாது. கோளாறு எண்களில் இருந்தது.

இரண்டாவது, நேரம். ஆண்டு விழா நாளில் பெற்றோர் வந்து அமர்ந்த பிறகு விடலாம் என்று முற்பகல் 11:30 குறிக்கப்பட்டது. இதைத் தகரப் பட்டறைக்காரர் அன்று காலையிலேயே தடுக்கப் பார்த்தார். "காத்து ஏறிட்டு சார், நாளைக்கு வெள்ளனத்துல பாத்துக்கிடலாம்" என்று தலைமை ஆசிரியரிடம் சொன்னார். சிறு வயதில் பட்டம் விட்டவர் அவர். வெயில் ஏறித் தரை காய்ந்ததும் காற்று கிளம்பி, நேரம் ஆக ஆக விட்டுவிட்டு வீசும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். கூட்டம் கூடிவிட்டது, கயிறு இருக்கிறதே என்ற எண்ணத்தில் அவர் சொல் எடுபடவில்லை. இந்த நிகழ்வில் சரியாகக் கணித்தவர் அவர் ஒருவர்தான். அவரிடம் வெப்பமானி இல்லை.

முற்பகல் 11:40: கண்டவை

வெளிவெப்பநிலை 33 டிகிரி. திடலோரத்து வேம்பில் இலைகளும் சிறு கொப்புகளும் விடாமல் ஆடிக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகளைக் கொண்டு காற்றின் வேகத்தைத் தரப்படுத்தும் போஃபோர்ட் அளவுகோலில் இது 3-ஆம் எண்; நொடிக்கு 3.4 முதல் 5.4 மீட்டர் வேகம். காற்று நின்ற இடைவெளி பார்த்து அடுப்பை ஏற்றினார்கள்.

இரண்டேகால் நிமிடத்தில் உச்சி 95. "டீச்சர், அன்னைக்கு விட சீக்கிரமே வந்துட்டு" என்று வெப்பமானி பார்த்த மாணவர் மகிழ்ச்சியோடு சொன்னார். எல்லோருக்கும் அது நல்ல சகுனமாகப் பட்டது. உண்மையில் அந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும். அடுப்பு அதேதான், எரிவாயு அதேதான். ஒன்றேகால் நிமிடம் குறைவாக எரிந்தது என்றால் பலூனுக்குள் அந்த அளவு வெப்பம் குறைவாகத்தான் போயிருக்கிறது. காற்று 33-லிருந்து கிளம்பியதால் 95-ஐ எட்டும் தூரம் குறைந்தது. தூக்குவிசையும் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

விட்டதும் பலூன் ஏறியது, ஆனால் தயங்கித் தயங்கி. கயிற்றைத் தடுத்துப் பிடிக்கும் தேவையே வரவில்லை. 11 அல்லது 12 நொடியில் சுமார் 10 மீட்டர். அங்கே நின்றது. அதே நேரம் காற்று திரும்ப வீசியது. பலூனின் ஒரு பக்கம் உள்ளே குழிந்தது, வாய் சாய்ந்தது, பதாகை பாய் போல விரிந்தது. மூன்று கயிறுகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. பலூன் மேற்கே தாழ்ந்து, திரும்பித் தரையைத் தொட்டு, அடுப்பின் மேல் இன்னும் ஆறாமல் நின்ற தகரக் குழாயில் மோதியது. ஓர் இதழில் 40 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தாள் பற்றிக் கருகியது.

பக்கத்தில் ஈரச்சாக்கு இரண்டு வைத்திருந்தார்கள். மூடி அணைத்துவிட்டார்கள். அடுப்பு முன்பே அணைக்கப்பட்டு, சிலிண்டர் வால்வும் அடைக்கப்பட்டிருந்தது. போன் தப்பியது. காற்றுப் பக்கம் கயிறு பிடித்திருந்த மாணவரின் உள்ளங்கையில் கயிறு உருவித் தோல் உரிந்தது. கையுறை போடவில்லை, கயிற்றின் நுனி எந்த முளையிலும் கட்டப்படவில்லை.

ஆய்வு: ஏன் விழுந்தது

அடுத்த வாரம் பலூனை ஒட்டுப் போட்டு, காற்றுப் படாத கலையரங்கத்துக்குள் வைத்து அளந்தார்கள். மூன்று வெப்பமானிகள், வளையத்தில் தொங்கு தராசு, தராசின் கீழே செங்கல் கட்டு. அடுப்பருகே ஈரச்சாக்கு, கதவுகள் திறந்து. காலையில் அரங்கின் வெப்பநிலை 24. உச்சி 95-ல் தராசு காட்டிய இழுவிசை 1.60 கிலோ. முற்பகலில் 33, அதே உச்சி 95-ல் 1.15 கிலோ. உச்சி வெப்பநிலை ஒன்றே, தூக்கும் திறனில் 450 கிராம் குறைவு.

இந்த அளவுகளோடு பலூனின் சொந்த எடையைச் சேர்த்துக் கணக்கைத் திருப்பிப் போட்டால் மற்றொன்றும் தெரிகிறது. கொள்ளளவு 14 கன மீட்டர் இல்லை, 13-தான். தாளில் வரைந்த கோளம் வேறு, ஒட்டி ஊதிய கோளம் வேறு. இதழ்களின் நடுவே தாள் தட்டையாக நிற்கும், இணைப்புகளில் சுருக்கம் விழும். கணக்கிட்ட கொள்ளளவில் நூற்றுக்கு ஏழு குறைந்ததில் வியப்பில்லை.

இப்போது 11:40-ஐத் திரும்பப் பார்க்கலாம். 33 டிகிரியில் வெளிக்காற்று கன மீட்டருக்கு 1.143 கிலோ, உள்ளே 80-ல் 0.991. வேறுபாடு 0.152, இரண்டு நாள் முன்பு காலையில் இது 0.195. தூக்குவிசை 1.98 கிலோ. மாணவர்கள் நம்பியிருந்தது 3.29. கயிறு நீங்கலான பாரம், பதாகையோடு 1.72 கிலோ. விடும்போது மிஞ்சியது 260 கிராம் மட்டுமே.

அந்த 260-ஐ இரண்டு விஷயங்கள் தின்றன. ஒன்று கயிறு, மீட்டருக்கு 12 கிராம். மற்றது உள்காற்று ஆறிப்போவது. கலையரங்கத்தில் அடுப்பை அணைத்த பிறகு பார்த்ததில், உள்வெளி வெப்பநிலை வேறுபாட்டில் பத்தில் நான்கு பங்கு ஒரே நிமிடத்தில் போய்விடுகிறது. 80-ல் இருந்த சராசரி 58-க்கு இறங்கியது. உள்ளே ஒரு டிகிரி குறைந்தால் இந்தப் பலூனுக்கு 36 கிராம் இழப்பு. தொடக்கத்தில் நொடிக்கு 14 கிராம் வீதம் தூக்குவிசை கரைகிறது. 10 மீட்டர் கயிற்றுக்கு 120 கிராம், 11 நொடிக்கு 150 கிராம். கணக்கு தீர்ந்தது. பலூன் நின்ற உயரமும் நேரமும் அப்படியே பொருந்துகின்றன. காற்றே வீசாமல் இருந்தாலும் அது 10 மீட்டரைத் தாண்டியிருக்காது.

முதல் நாள் காலைக்கும் விழா நாள் முற்பகலுக்கும் இடையே, பதாகையைச் சேர்க்காமலே, 14 கன மீட்டர் கணக்கில் 600 கிராம் தொலைந்தது. 13 என்றால் 560. 11 டிகிரி வெயில் அதை எடுத்துக்கொண்டது. பெரிய பலூன்களுக்கும் இதே கதைதான். 2,200 கன மீட்டர் பலூனில் உள்ளே சராசரி 100 டிகிரி வைத்தால், வெளியே 25 இருக்கும்போது 520 கிலோ அளவு தூக்கும். வெளியே 35 என்றால் 435 கிலோதான். ஒரு பெரிய ஆளின் எடை அப்படியே போகிறது. அவற்றின் நைலான் உறைக்கு வெப்ப வரம்பு உண்டு என்பதால், வெளியே கூடிய சூட்டை உள்ளே கூட்டி ஈடு கட்டிக்கொண்டே போக முடியாது.

காற்றின் பங்கு தனி. 3 மீட்டர் கோளத்தை நொடிக்கு 1 மீட்டர் காற்று தள்ளும் விசை சுமார் 185 கிராம் எடைக்குச் சமம். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவிசை நான்கு மடங்கு: 2 மீட்டரில் 740 கிராம், மூன்றரை மீட்டரில் 2.3 கிலோ. கயிறு எந்தப் பக்கம் எவ்வளவு சாயும் என்பது இந்தத் தள்ளுவிசைக்கும் மிஞ்சிய தூக்குவிசைக்கும் உள்ள விகிதம். 100 கிராம் மேலே இழுக்க, 2.3 கிலோ பக்கவாட்டில் தள்ளினால் கயிறு தரையோடு தரையாகப் படுத்துவிடும். கயிறு கட்டியிருப்பது பாதுகாப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள். வைக்கோல் படப்புக்குப் போகாமல் அது காத்தது உண்மை. ஆனால் கயிறில்லாத பலூன் காற்றோடு போவதால் அதன்மேல் காற்று மோதாது. கட்டிய பலூன்மேல் முழுக்காற்றும் மோதும். தாள் குழிந்தால் கொள்ளளவு குறையும், வாய் சாய்ந்தால் சூடான காற்று கொட்டிப்போகும். இரண்டும் நடந்தன. போதாததற்கு 2 சதுர மீட்டர் துணி வேறு; மூன்றரை மீட்டர் காற்றில் அது நேராக விரிந்து நின்றால் அது மட்டுமே ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இழுக்கும். பதாகையின் எடையைப் பற்றி நிறையப் பேசினார்கள், பரப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பதாகை விலக்கப்பட்டது. நேரம் சூரியன் உதிக்கும் வேளைக்குத் திரும்பியது. உச்சி இணைப்புகளைப் பிரித்து மைதா பசையால் மீண்டும் ஒட்டினார்கள். புத்தகம் கட்டுபவர்கள் செய்வது போலப் பூச்சி அரிக்காமலிருக்கச் சிறிது மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்து. மைதா பசை காய்ந்தால் மொரமொரப்பாகும், மடித்தால் வெடிக்கும். ஆனால் இந்த வெப்பத்துக்கு இளகாது. அதனால் உச்சி வரம்பை 110-க்கு உயர்த்த முடிந்தது, சராசரி 90 கிடைத்தது. கயிற்றை மாற்றி, மீட்டருக்கு 1.2 கிராம் உள்ள பின்னல் தூண்டில் நூல் வாங்கினார்கள். மூன்றும் சேர்ந்து 360-க்குப் பதில் 108 கிராம். மெல்லிய நூல் கையை அறுக்கும் என்பதால் ஒவ்வொன்றையும் மரச்சுருளில் சுற்றி, சுருளை இரும்பு முளையில் கட்டி, தோல் கையுறை போட்டார்கள்.

முக்கியமான மாற்றம் விடுவிக்கும் விதியில். "95 வந்தால் விடு" என்பது போயிற்று. சுமை மாட்டிய வளையத்தைத் தராசில் இழுக்கவைத்து, 1 கிலோவுக்கு மேல் காட்டினால் மட்டுமே விடுவது. வெப்பமானி இனி பசையையும் தாளையும் காக்க மட்டும். தூக்குமா என்ற கேள்விக்குத் தராசுதான் பதில் சொல்லும். கொள்ளளவுப் பிழை, வெயில், ஈரப்பதம், ஒட்டுத்தாளின் எடை எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் தாமாகவே அடங்கிவிடுகின்றன.

காற்றுக்கு ஒரு வரம்பு: 8 மீட்டர் மூங்கிலின் நுனியில் கட்டிய தாள் நாடா தொங்க வேண்டும், லேசாக அசையலாம், கிடையாக நிற்கக் கூடாது. ஊதுபத்திப் புகை 5 மீட்டர் தூரம் போக 5 நொடிக்குமேல் ஆக வேண்டும். தூரத்துச் சூளைப் புகையும் நேராக ஏற வேண்டும், ஏனென்றால் தரையில் அமைதியாக இருக்கும்போதே 30 மீட்டரில் காற்று ஓடலாம். மூன்றில் ஒன்று தவறினாலும் அடுப்பைப் பற்றவைப்பதில்லை. அடுப்பும் குழாயும் ஏறும் இடத்திலிருந்து உடனே 10 மீட்டர் தள்ளி எடுத்துச் செல்லப்பட வேண்டும். தகரப் பட்டறைக்காரர் குழாய்க்கு மரக் கைப்பிடி போட்டுக் கொடுத்தார்.

இரண்டாம் ஏற்றமும் விளைவும்

மார்ச் நடுவில் இரண்டு காலைகள் சூளைப் புகை சாய்ந்ததால் கைவிடப்பட்டன. மூன்றாம் நாள் 6:20. வெளிவெப்பநிலை 24. ஒட்டுகளால் பலூன் 800 கிராம் ஆகியிருந்தது. வளையமும் சுமையும் சேர்த்து 1,120. 13 கன மீட்டரை வைத்துக் கணக்கிட்ட இழுவிசை 1.67 கிலோ. தராசு காட்டியது 1.65.

30 மீட்டருக்கு ஏறி நின்றது. கயிறு தொய்யத் தொடங்கும்வரை 1 நிமிடம் 45 நொடி. கணக்கு 1 நிமிடம் 50-க்கு மேல் சொன்னது. விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே சற்று வெதுவெதுப்பாகவும் இருப்பது வழக்கம்; மேலே 2 டிகிரி கூடினாலே இந்தப் பலூன் 100 கிராம் இழக்கும். அந்தச் சிறு குறைவுக்கு இது காரணமாக இருக்கலாம்.

2 நொடிக்கு ஒன்றாக எடுத்த படங்களில் பாதிக்கு மேல் கலங்கல். பெட்டி ஒற்றை நூலில் சுழன்றுகொண்டிருந்தது. தெளிவாக வந்த 11 படங்களில், மடையிலிருந்து கிழக்கே நாக்குப் போல நீண்ட மேடு வெளிறிய நிறத்தில் துலக்கமாகத் தெரிந்தது. கரையில் நின்று அளந்தபோது பாதித் தூரமே தெரிந்திருந்தது. அச்செடுத்து ஊராட்சியிடம் கொடுத்தார்கள்.

இனி மாற்ற வேண்டியவை

பெட்டியை இரண்டு புள்ளிகளில் கட்டித் தொங்கவிட்டால் சுழற்சி அடங்கும். வாய்க்குக் கீழே அரை மீட்டர் பாவாடை போல ஒரு தாள் வளையம் சேர்த்தால், சிறு காற்றில் வாய் சாய்ந்தாலும் சூடு உடனே கொட்டாது.

அதிக நேரம் வேண்டுமென்றால் சூட்டைக் கூட்டுவதைவிட அளவைக் கூட்டுவது நல்லது. விட்டம் 3-லிருந்து 3.6 மீட்டரானால் தாளின் பரப்பு 1.44 மடங்கு, கொள்ளளவு 1.73 மடங்கு. தாளின் எடை ஏறுவதைவிடத் தூக்குவிசை வேகமாக ஏறும், ஆறுவதும் மெதுவாகும். ஆனால் காற்று தள்ளும் பரப்பும் 1.44 மடங்கு ஆகிவிடும், அடுப்பும் கூடுதலாக எரிய வேண்டும். காற்று வரம்பைத் தளர்த்தக் கூடாது.

உள்ளங்கை தோலுரிந்த மாணவருக்கு முதலுதவிப் பெட்டி ஆசிரியர் அறையிலிருந்து வர நான்கு நிமிடம் ஆனது. அடுத்த முறை அது ஈரச்சாக்குக்குப் பக்கத்தில் இருக்கும்.